ரெண்டேகால் அளவு

ஜூலை 14, ஞாயிறு

உப்புக் கம்பெனியில் கொடுத்த டைரி இது. மருமகள் ஜெனோவா சமையல் குறிப்பு எழுத எடுத்து வைத்திருந்தாள். நான் எடுத்துக்கொண்டேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணல்தான், ஞாபகம் கோணல் இல்லை. நாளைக்கு ஒருத்தி வந்து நின்று, "அப்படி இல்லக்கா, இப்படி" என்று மாற்றிப் பேசக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த ஒருத்தியின் பெயரை முதல் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை.

இன்று காலைப் பூசையில் அவள் பேரன் டெரன்ஸ் எனக்கு முன்னால் நற்கருணை வாங்கப் போனான். கையை நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியது. உள்ளே கறுப்பு முகத்தில் ஒரு கடிகாரம். மணிக்கட்டையே மூடிக்கொண்டு பளபளவென்று இருந்தது. சாமியாரின் கண்ணே ஒரு நொடி அதில் நின்றது. நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் பேரன் லியாண்டரிடம் கேட்டேன்.

"அது டைவ் வாட்ச் பாட்டி. தண்ணிக்குள்ள முந்நூறு மீட்டர் போனாலும் ஒண்ணும் ஆகாது. ஒம்பது லட்சம்."

"அவன் எத்தன மீட்டர் போறான்?"

"அவன் எங்க போறான்? ஷிப்பிங் ஆபீஸ்ல ஏசிக்கு அடியில இருக்கான்."

லியாண்டர்தான் தண்ணீருக்குள் போகிறவன். அரபு நாட்டுக் கடலில் எண்ணெய்க் குழாய்களுக்கு அடியில் போய் வெல்டிங் வைக்கிறான். அவன் கையில் நூறு ரூபாய்க்கு விற்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். வேலைக்கு அது போதுமாம்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி லியாண்டருக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கம், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டின் மூத்த பெண் மாப்பிள்ளை கையில் கடிகாரம் கட்டுவது. மூத்தவள் நான். அவள் என்னைவிடப் பதினான்கு மாதம் இளையவள்.

டெரன்ஸின் கடிகாரத்தைவிடப் பெரியதாக வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15

பிரஷர் மாத்திரை போட மறந்தேன். அவளால்தான்.

ஜூலை 17, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். அவள் பெயர் மத்தில்டா. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் எஸ்தாக்கியின் தம்பி ரெமிஜியூஸின் பெண்டாட்டி. பின்தெருவில்தான் வீடு. ஐம்பது வருஷமாக அந்தத் தெருவில் நான் கால் வைக்கவில்லை. மீன் வாங்கக்கூடச் சுற்றித்தான் போகிறேன்.

எஸ்தாக்கி சங்கு குளிக்கிறவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் தொண்ணூறு எண்ணுவதற்குள் ஏறிவிடுவார். 1974இல் புதுத் துறைமுக வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் ஏதோ கருவியைத் தண்ணீரில் போட்டுவிட்டான். இவர் இறங்கி எடுத்துக் கொடுத்தார். அவன் சந்தோஷத்தில் தன் கையில் கிடந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். கடலுக்குள் கட்டுகிற கடிகாரம். முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், திருகினால் சுற்றும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "மணி பாக்கத் தெரியாத கைக்குக் கடிகாரம் எதுக்கு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது என்பது உண்மைதானே. அப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள் என்பதும் உண்மை.

நாலு நாள் கழித்து, மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, தவக்காலம். ரேஷனில் மண்ணெண்ணெய் போட்ட நாள். டின்னோடு பின்தெரு வழியாக வந்தேன். மத்தில்டா வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. அவள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கையில் அந்தக் கடிகாரம். இவர் கீழே குந்தி உட்கார்ந்து ஊசியால் அதன் வாரில் ஓட்டை போடுகிறார். அவள் சிரிக்கிறாள். வாயை மூடாமல் சிரிக்கிறாள்.

டின்னை அங்கேயே போட்டேன். மண்ணெண்ணெய் தெருவோடு ஓடியது. பிறகு தெருமுனையில் நின்று பேச வேண்டியதைப் பேசினேன். இவர் அன்றும் வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் அதைப் பற்றித் திறக்கவில்லை. 1979இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடிகாரம் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரமே கெட்ட வாரம். இவர் இடுப்பில் கட்டுகிற பச்சை பெல்ட்டைத் தொலைத்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். என் நீலக் கண்ணாடி வளையல் ஒன்று காணாமல் போனது. எடுத்தது பக்கத்து வீட்டுச் சல்வதோர் மகள் பவுலினா. அவள் செத்த அன்றும் நான் போகவில்லை.

ஜூலை 20, சனி

மதுரைக்குப் போய் வந்தோம். நானும் லியாண்டரும் வாடகைக் காரில். கடைக்குள் அப்படி ஒரு குளிர். கடைப்பெண் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பது போல் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"யாரும்மா கட்டப் போறா?"

"அவன். ஆனா நான் கட்டிப் பாத்துதான் சொல்லுவேன்."

முதலில் கறுப்பு. டெரன்ஸ் கையில் கிடப்பது. குறுக்களவு நாற்பத்தொரு மில்லிமீட்டர். கேட்டால் அது காட்டுவதற்கு மட்டும்தானாம். ஒன்பது லட்சம் ரொக்கமாக வைத்தாலும் இன்றைக்குத் தர மாட்டார்களாம். பேரை எழுதிவைத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ரேஷன் கடையில்கூட மறுவாரம் வா என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது நீலம். நாற்பத்து நாலு மில்லிமீட்டர், அறுநூறு மீட்டர் ஆழம், ஆறு லட்சம். பார்த்ததுமே மனம் குளிர்ந்தது. மூன்று பெஞ்சு பின்னால் இருந்தாலும் தெரியும். பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கடலுக்கு அடியில் நாள்கணக்கில் தங்குகிறவர்களுக்கு, உள்ளே புகுந்த காற்று வெளியேற அது என்று லியாண்டர் சொன்னான். என் கையில் கட்டினேன். அங்கேதான் தொந்தரவு. மணிக்கட்டின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சின்னக் கிண்ணத்தின் மேல் பெரிய தட்டை வைத்த மாதிரி. மேசையில் கையை ஊன்றி எழுந்து பார்த்தேன். திருகும் குமிழ் புறங்கையில் குத்தியது. அம்மியில் அரைப்பது போல் முன்னும் பின்னும் ஆட்டினேன். அதன் கனத்துக்கு அது தனியாக ஒரு ஆட்டம் போட்டது. கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லியாண்டரின் முழுக்கைச் சட்டை அதன் மேல் இறங்கவே இல்லை, இடித்து நின்றது.

மூன்றாவது சின்னது. முப்பத்தொன்பது மில்லிமீட்டர், இருநூறு மீட்டர், மூன்றரை லட்சம். டைட்டானியம் என்ற உலோகமாம். தூக்கினால் கனமே இல்லை. கனம் இல்லாத நகையை யார் நம்புவார்கள்? ஆனால் கட்டினால் தெரிகிறது. தட்டையாக, கையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஊன்றினேன், குத்தவில்லை. ஆட்டினேன், நகரவில்லை. சங்கிலி மயிரைப் பிடித்து இழுக்கவில்லை. வேர்வையில் கை ஊதினால் ஒரு விரலால் கொக்கியை அழுத்தி நெகிழ்த்திக்கொள்ளலாம். அரை மணி நேரம் கட்டியிருந்தேன், கட்டியிருப்பதையே மறந்துவிட்டேன். காசுக்கும் அதுதான் நியாயம்.

"இதான் பாட்டி. என் கை பதினாறு சென்டிமீட்டர்தான். தாத்தா கை."

"நீலத்த எடு."

"அது பெருசு பாட்டி."

"பெருசுக்குத்தானே வந்தோம்."

"யாருக்குக் காட்ட?"

ஒன்றும் வாங்காமல் வந்தோம். காசு அவனுடையது. கட்டும் கை என்னுடையது. இருவரும் ஒத்துவர வேண்டும். திருமங்கலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னான். அப்புறம் புரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 22

சாளைக் கருவாடு காயப் போட்டேன். காக்கை இரண்டு கொண்டுபோனது. ஒரு காக்கை பின்தெருப் பக்கம்தான் பறந்தது.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். கூட்டத்தில் மத்தில்டாவைத் தூரத்தில் பார்த்தேன். முழங்கால் ஆபரேஷன் ஆகி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முடி இன்னும் முழுசாக நரைக்கவில்லை. சாயமாக இருக்கும்.

சாயங்காலம் லியாண்டர் டெரன்ஸ் வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாட்டி, அவங்க வீட்டுல நம்ம தாத்தா வாட்ச்சப் பாத்தேன்! அம்பது வருஷத்து டைவ் வாட்ச்! அது இப்ப என்ன விலைன்னு தெரியுமா? அந்த ஒம்பது லட்சத்த எல்லாம் தூக்கி ஓரமா வைக்கலாம். முப்பத்தெட்டு மில்லிமீட்டர்தான். எனக்கு அளவா இருக்கும்."

"தொட்டியா?"

"இல்ல. மத்தில்டாப் பாட்டி தூரத்துல வச்சுக் காமிச்சாங்க. எனக்குக் கல்யாணத்துக்கு அதான் வேணும். புதுசு ஒண்ணும் வேண்டாம்."

கடிகாரம் அவள் வீட்டிலிருந்து வந்தால் அவள்தான் கட்டுவாள். கோவிலில் ஊரே பார்க்கும். "இது யார் கொடுத்தது?" என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள், சன்னலில் சிரித்தாளே, அதே சிரிப்பு.

ராச்சோறு வேண்டாம் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

லியாண்டருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. "அம்பது வருஷம் எதுக்குப் பாட்டி?" என்கிறான். ஞாபகம் இல்லாதவர்கள்தான் மன்னிப்பார்கள். எனக்கு எல்லாம் இருக்கிறது. மகனுக்கு அம்மை போட்டபோது அவள் கொடுத்தனுப்பிய இளநீரை வாசலிலேயே கொட்டினேன். 1983 டிசம்பரில், எஸ்தாக்கிக்கு நாலாம் வருஷப் பூசை முடிந்ததும், அப்போது கோவில் மணியடித்த கோவில்பிள்ளையின் பெண்டாட்டியிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாள். நீல அட்டைப்பெட்டி, என் உள்ளங்கை அளவு, மேலே சணல் கயிறு, இரட்டை முடிச்சு. "ஒங்க கையில மட்டும்தான் குடுக்கச் சொன்னா" என்றாள். பண்டிகைப் பலகாரத்தைக் காட்டி ஒட்டப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? திறக்காமல் திருப்பி அனுப்பினேன். பலகாரத்துக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

லியாண்டர் என்னிடம் சொல்லாமல் மத்தில்டாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவள் சொன்னாளாம்: "ஒனக்குத் தரமாட்டேன் மக்கா. ஒங்க பாட்டி வந்து வாய்விட்டுக் கேக்கட்டும். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருக்கு."

யார் சொன்னது? திமிர்.

ஆகஸ்ட் 3

கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 4

புதுச்சேலையை இஸ்திரி போட்டேன். நாளைக்குப் பெருவிழா என்பதால்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருநாள். மத்தியானம் எல்லோரும் கோவிலில் இருந்தார்கள். வெயிலுக்கு நிழல் பார்த்து நடந்தேன், கால் பின்தெருவுக்குப் போய்விட்டது.

மத்தில்டா தனியாக இருந்தாள். நாற்காலியில் காலை நீட்டி வைத்திருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். நேற்றுத்தான் பார்த்த மாதிரி. அதுவே எனக்கு எரிச்சல்.

"உக்கார வரல. கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"குடு."

"என்னத்த?"

"அவரு கடிகாரத்த."

"எவரு?"

"ஏட்டி மத்தில்டா, மண்டையில ஒண்ணு வச்சிருவேன்."

அவள் சிரித்தாள். பல் பாதிதான் இருக்கிறது. கையை நாற்காலியில் ஊன்றி, வலியோடு எழுந்து, அலமாரிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு நீல அட்டைப்பெட்டி. சணல் கயிறு. இரட்டை முடிச்சு.

நீலப் பெட்டிகள் ஊரில் ஆயிரம் இருக்கும்.

அவள் பிரித்தாள். கடிகாரம் இருந்தது. அதன் வாரைப் பார்த்தேன். பச்சைத் தோல். ஓரத்தில் ஒரு வண்டிச்சக்கரத்துப் படம் அச்சடித்திருந்தது, பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அவர் பெல்ட்டில் அந்தப் படம் இருந்தது. பக்கத்தில் பஞ்சில் சுற்றி என் நீலக் கண்ணாடி வளையல்.

நான் உட்கார்ந்துகொண்டேன். கால் வலிக்காக.

"வெள்ளைக்காரன் போட்டிருந்த சங்கிலி பெருசுன்னு, அத்தான் தம் பெல்ட்ட வெட்டி வார் செஞ்சாவ. ஒங்களுக்குத் தெரியாம அளவு எடுக்கணும்னு வளையல சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்தாவ. 'அவளுக்கு ரெண்டேகால், சங்கு அளக்குற வளையமும் ரெண்டேகால்'னு ஒரே சிரிப்பு."

அது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சர்க்கார் ஆட்கள் ஒரு வளையம் வைத்திருப்பார்கள். சங்கு அதற்குள் நுழைந்து விழுந்துவிட்டால் குஞ்சு, திரும்பக் கடலில் போட வேண்டும். நுழையாமல் நின்றால் எடுத்துக்கொள்வார்கள். என் வளையலும் அதே ரெண்டேகால் அங்குலம். "ஒன் வளையல்ல நுழையாத சங்குதான் சர்க்காருக்கே வேணும்ட்டி" என்று என்னைச் சீண்டுவார்.

"அப்ப ஒன் கையில எதுக்குக் கட்டுனாரு?"

"அவுக எங்க கட்டுனாவ? ஓட்டை சரியா இருக்கான்னு நான்தான் இழுத்து மாட்டுனேன். எனக்கு ரெண்டேமுக்கா வளையல், கொக்கி எட்டுமா? ரெண்டு முனையும் சேராம தொங்குது. அதுக்குத்தான் சிரிச்சேன். சத்தம் கேட்டுத் திரும்புனா, சன்னல்ல நீங்க."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க சொல்ல விட்டீக? தெருமுனையில நின்னு எங்கம்மா வரைக்கும் இழுத்தீகளே. அத்தான் இத எங்க வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு, 'அவளா வாய்விட்டுக் கேட்டா குடு, இல்லன்னா இருக்கட்டும்'னாவ. நாலு பேருக்கு முன்னால ஒரு சொல்லு சொல்லிட்டீகளாமே. மனசு கேக்காம நானா ஒரு தடவ குடுத்தனுப்புனேன், அதையும் திருப்பிட்டீக."

வளையலைத் திரும்பப் பஞ்சில் சுற்றினேன்.

"மணி பாக்கத் தெரியாத கைக்கு எதுக்குன்னு கேட்டீகளாம். அது தெரிஞ்ச கைக்குத்தான் கொண்டாந்தாவ. கடலுக்குப் போகையில எந்த மணிக்குத் திரும்புவேன்னு சொல்லி, அந்த மணிக்கு நேரா வளையத்தத் திருப்பி வச்சுட்டா, அதுவரைக்கும் நீங்க மாதாவத் திட்டாம இருப்பீகளாம்."

வெளியே வேட்டுப் போட்டார்கள். சத்தம் அடங்கும்வரை கடிகாரத்தின் வளையத்தைத் திருகிப் பார்த்தேன்.

"ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடும். கை அசைஞ்சாத்தான் ஓடும், சாவி கிடையாது. கெடந்தா மக்கிப்போகும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போனாரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அஞ்சு நிமிஷம் ஆட்டி வைப்பேன்."

ஐம்பது வருஷம். அவர் கடிகாரத்தை, ஞாயிறு தவறாமல், இவள் கையில் வைத்து ஆட்டியிருக்கிறாள். என்னைவிட அதிக நேரம் அது இவளோடு இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவளே கட்டிவிட்டாள். அவர் போட்ட ஓட்டையில் கொக்கி விழுந்தது. அந்தக் காலத்துக் கைக்குச் சரியாக இருந்திருக்கும். இப்போது சதை வற்றிவிட்டது. முழங்கைப் பக்கம் வழுக்கிப் போகிறது.

"இன்னொரு ஓட்டை போடச் சொல்லவா?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பவுலினாவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை எழுதிவைத்தேன். கோவில்பிள்ளை, "அவ ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். பக்கத்து வீடு என்றேன்.

ஆகஸ்ட் 7

லியாண்டர் மதுரைக்கு அவனே போய்ச் சின்னதை வாங்கி வந்தான். நான் சொல்லித்தான். "பழசு?" என்று இழுத்தான். பழசு அவன் கைக்குச் சேராது என்றேன். "முப்பத்தெட்டு மில்லிமீட்டர் எப்படிப் பாட்டி சேராம போகும்?" என்றான். சேராது என்றால் சேராது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாயங்காலம் கடிகாரம் கட்டினோம். ஜெனோவா பன்னீர் தெளித்தாள். மத்தில்டாவை டெரன்ஸ் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். அவன் கையில் கறுப்பு. நெருங்கிப் பார்த்தேன். அவன் கைக்கும் அது பெரிதுதான். மணிக்கட்டில் எலும்பு பட்ட இடம் சிவந்திருந்தது. மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

லியாண்டர் கையை நீட்டினான். நான் கட்டினேன். வெளிச்சம் போதாமல் கொக்கி முதல் தடவை மாட்டவில்லை. மத்தில்டா குனிந்து ஒரு விரலால் அழுத்தினாள், டிக்கென்று மாட்டிக்கொண்டது. பாதி அவள் கட்டியது என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. கட்டியது நான். அவள் அழுத்தினாள்.

ஆகஸ்ட் 12

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணியில் உப்பு குறைவு. லியாண்டரின் சட்டைக் கை கடிகாரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் சொன்ன அளவு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்து மத்தில்டா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவில், காலை இழுத்துக்கொண்டு. ஒரு பெட்டி மக்ரூன் மிட்டாய் கொண்டு வந்தாள். இந்தத் தடவை திறந்தேன்.

கொஞ்ச நேரம் கல்யாணப் பேச்சு. அவள் கண் என் கையிலேயே இருந்தது. விரல்கள் மடியில் சும்மா அசைந்துகொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமயாச்சேக்கா" என்றாள். "ஒரு தடவ ஆட்டிட்டுத் தாரேனே."

"என் கையில அது தானா ஓடுது."

"பழக்கமாப் போச்சு."

கழற்றிக் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? கையை மட்டும் நீட்டினேன். அவள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, கடிகாரத்தோடு சேர்த்து, மெதுவாக ஆட்டத் தொடங்கினாள்.

ஐந்து நிமிஷம் என்றாள். மணி பார்த்தது நான்தான்.